வெளிநாட்டு உதவிக் கொள்கையும் தொண்டு நிறுவனங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணக்கார நாடுகளின் அரசுகள் ஏழை நாடுகளுக்கு எவ்வளவு தருகின்றன, எதற்காகத் தருகின்றன, என்ன நிபந்தனையோடு தருகின்றன என்பதெல்லாம் அமைச்சரவை அறைக்குள் மட்டும் முடிவாவதில்லை. களத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் அந்த முடிவுகளுக்குப் பின்னால் பல ஆண்டுகள் நடையாய் நடந்திருக்கின்றன. அந்த வேலை எப்படி நடக்கிறது, அதில் எது சரி, எங்கே தடுமாற்றம் வருகிறது என்று வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

## வெளிநாட்டு உதவி என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

அரசு தரும் வளர்ச்சி உதவியைத்தான். இதற்கான விதியை, பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் வளர்ச்சி உதவிக் குழு வகுத்திருக்கிறது. பணம் அரசினுடையதாக இருக்க வேண்டும். வளரும் நாட்டு மக்களின் நலனும் பொருளாதார வளர்ச்சியும் முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும். மானியமாகவோ சலுகைக் கடனாகவோ தர வேண்டும். ராணுவத் தளவாடங்கள் இந்தக் கணக்கில் வராது. 2024-ல் அந்தக் குழுவின் உறுப்பு நாடுகள் தந்தது, முதற்கட்டக் கணக்குப்படி, 21,210 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டைவிட இது 7.1 சதவீதம் குறைவு.

## உதவி செய்வதுதானே தொண்டு நிறுவனத்தின் வேலை? அரசிடம் போய்ப் பேசுவது எதற்கு?

நன்கொடையாளர்கள் மனதில் இருக்கும் முதல் கேள்வி இது. நான் கொடுத்த பணத்தில் கிணறு வெட்டுங்கள், தடுப்பூசி போடுங்கள், அமைச்சரைப் பார்க்கப் போகாதீர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆதங்கம் புரிகிறது. ஆனால் கிணறு எங்கே வெட்டப்படும், தடுப்பூசி யாரிடமிருந்து வாங்கப்படும் என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது அரசின் விதிகள்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நீண்ட காலமாகப் பல நாடுகள் உதவிப் பணத்தைக் கொடுக்கும்போதே 'எங்கள் நாட்டு நிறுவனங்களிடம்தான் பொருள் வாங்க வேண்டும்' என்று ஒரு கட்டும் போட்டுக் கொடுத்தன. இப்படிக் கட்டிக் கொடுக்கும்போது அதே பொருளுக்கு 15 முதல் 30 சதவீதம் வரை அதிகச் செலவாகும் என்று ஓ.இ.சி.டி. நெடுநாளாகச் சொல்லிவருகிறது. பிரிட்டனில் தொண்டு நிறுவனங்கள் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் பேசின. 2001 ஏப்ரலில் அந்த நாடு இந்த வழக்கத்தைக் கைவிட்டது. 2002-ல் வந்த சர்வதேச வளர்ச்சிச் சட்டம், உதவியின் நோக்கம் வறுமை ஒழிப்பே என்று எழுதிவைத்தது. இத்தனைக்கும் பட்ஜெட்டில் ஒரு பவுண்டுகூடக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. விதி மாறியதாலேயே ஒவ்வொரு பவுண்டும் கூடுதல் தூரம் போனது. உண்டியல் குலுக்கி இதைச் சாதித்திருக்க முடியாது.

அதனால், அரசோடு பேசுவதைத் தொண்டுக்கு வெளியே இருக்கும் ஒரு வேலையாக நான் பார்க்கவில்லை. ஏழைகளின் வாழ்க்கையைப் பாதிக்கும் முடிவு எங்கே எடுக்கப்படுகிறதோ அங்கே போய் நிற்பதும் தொண்டுதான்.

## 0.7 சதவீதம் என்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது?

அதன் வேர் ஒரு தொண்டுக் கோரிக்கையில்தான் இருக்கிறது. 1958-ல் உலகத் திருச்சபைகள் மன்றம், பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 1 சதவீதத்தை ஏழை நாடுகளுக்கு மானியமாகவும் சலுகைக் கடனாகவும் தர வேண்டும் என்று முன்மொழிந்தது. அந்த யோசனையை ஐ.நா. பிரதிநிதிகளிடமும் கொண்டுபோனது. நாடுகள் அதை ஏற்றபோது தனியார் முதலீட்டையும் அதற்குள் சேர்த்துக்கொண்டன. தனியார் பணம் எங்கே போக வேண்டும் என்று எந்த அரசாலும் உத்தரவிட முடியாது என்பதால் அந்த இலக்கு பிடிமானம் இல்லாமலே இருந்தது. பொருளியல் அறிஞர் யான் டின்பெர்கன் அரசுப் பணத்துக்கென்று தனியாக 0.75 சதவீதம் என்று கணக்குப் போட்டார். 1969-ல் கனடாவின் முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சன் தலைமையிலான ஆணையம் அதை 0.7 ஆக்கியது. 1970 அக்டோபர் 24 அன்று ஐ.நா. பொதுச்சபை அதைத் தீர்மானத்தில் சேர்த்தது.

ஸ்வீடனும் நெதர்லாந்தும் 1974-லேயே இலக்கைத் தொட்டுவிட்டன. நார்வே 1976-லும் டென்மார்க் 1978-லும் தொட்டன. அமெரிக்கா இந்த இலக்கை ஏற்கவே இல்லை. 2024-ல் 0.7-ஐத் தாண்டியவை டென்மார்க், லக்சம்பர்க், நார்வே, ஸ்வீடன் என நான்கு நாடுகள் மட்டும்.

யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லாத ஓர் எண், அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு நிதியமைச்சரையும் தொடர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது. கொள்கைப் பரப்புரையில் இறங்குபவர்கள் இதிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. 'நிறைய கொடுங்கள்' என்ற வேண்டுகோள் மறந்துபோகும். 'இவ்வளவு கொடுப்பதாகச் சொன்னீர்கள், இவ்வளவுதான் கொடுத்தீர்கள்' என்று கணக்கைக் காட்டிக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.

## நடைமுறையில் எப்படிப் பேசுகிறார்கள்? அமைச்சரை நேரில் சந்திப்பதுதானா?

அமைச்சர் சந்திப்பு புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். வேலையில் அது சிறு பகுதிதான்.

பெரும்பகுதி நடப்பது அதிகாரிகள் மட்டத்தில். ஒரு நாட்டுக்கான உதவித் திட்டத்தை எழுதும் இடைநிலை அதிகாரிக்குக் களத்திலிருந்து நம்பகமான தகவல் தேவை. எந்த மாவட்டத்தில் மருந்து தீர்ந்துபோயிருக்கிறது, எந்தச் சாலை மூடிக்கிடக்கிறது, பள்ளிக்கு வராமல் போன பெண் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது தூதரகத்துக்குத் தெரிவதற்கு முன்பே களப் பணியாளர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தகவலைச் சரியாகவும் மிகைப்படுத்தாமலும் தொடர்ந்து கொடுத்துவரும் நிறுவனத்தின் அழைப்பை அதிகாரி எடுப்பார். ஒருமுறை எண்ணை ஊதிப் பெருக்கிக் காட்டி மாட்டிக்கொண்டால் அந்தக் கதவு நெடுநாள் திறக்காது.

அப்புறம் நாடாளுமன்றம். பிரிட்டிஷ் மக்களவையில் சர்வதேச வளர்ச்சிக் குழு என்றே எம்.பி.க்களின் குழு ஒன்று இருக்கிறது. அது ஒரு பொருளை விசாரிக்க எடுத்தால் எழுத்து மூலமான சாட்சியம் கேட்கும். தொண்டு நிறுவனங்கள் அனுப்பும் பக்கங்களிலிருந்து வாசகங்கள் சில நேரம் அப்படியே குழுவின் அறிக்கைக்குப் போய்விடும். அரசு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் நிதி ஒதுக்கீட்டுக் குழுக்கள்தான் மையம். அங்கே எந்தத் தலைப்பின் கீழ் எத்தனை டாலர் என்று வரி வரியாகப் பேச்சு நடக்கும்.

நேரம் பார்ப்பதும் இந்த வேலையின் உயிர். பட்ஜெட் அறிவித்த மறுநாள் வரும் கடிதத்தால் பயன் இல்லை. ஆறேழு மாதங்களுக்கு முன், நிதியமைச்சகம் துறைகளிடம் கணக்குக் கேட்கத் தொடங்கும்போதே பேச்சைத் தொடங்க வேண்டும். எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான குளோபல் ஃபண்டும் ஏழை நாடுகளுக்கான உலக வங்கியின் ஐ.டி.ஏ. நிதியும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடுகளிடம் நிதி திரட்டுகின்றன. தடுப்பூசிக் கூட்டணியான கவி ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை திரட்டுகிறது. அந்தத் தேதிகளை வைத்தே பல நிறுவனங்கள் தங்கள் ஆண்டுத் திட்டத்தைப் போடுகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தொகுதி மக்கள். அமெரிக்காவில் பிரெட் ஃபார் த வேர்ல்ட் என்ற கிறித்தவ அமைப்பு, தேவாலயங்களில் காணிக்கை எடுப்பதைப் போலக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கடிதங்களைத் திரட்டுகிறது. 1980-ல் தொடங்கிய ரிசல்ட்ஸ் அமைப்பு சாதாரணத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தந்து தங்கள் பிரதிநிதியை அவர்களே நேரில் சந்திக்க வைக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஏழைக்கு அந்த நாட்டில் ஓட்டு கிடையாது. அவருக்காகத் தன் ஓட்டைச் சொல்லிப் பேசும் ஒருவர் தேவைப்படுகிறார்.

## ஏன் எல்லோரும் கூட்டமைப்பாகப் பேசுகிறார்கள்?

நூறு நிறுவனங்கள் நூறு கோரிக்கையோடு வந்தால் அமைச்சகம் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அதனால்தான் பிரிட்டனில் பாண்ட், அமெரிக்காவில் இன்டர்ஆக்ஷன், ஆஸ்திரேலியாவில் ஏ.சி.எஃப்.ஐ.டி., ஜெர்மனியில் வென்ரோ, ஐரோப்பிய ஒன்றிய அளவில் கான்கார்ட் என்று குடை அமைப்புகள் இருக்கின்றன. சிறிய நிறுவனத்துக்கு இது பெரிய துணை. தனியாகக் கொள்கைப் பிரிவு வைக்க அதனிடம் பணம் இருக்காது.

இதில் ஒரு குறையும் உண்டு. எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்றால் கோரிக்கை மழுங்கிப்போகும். உறுப்பினர்களில் யாருக்காவது சங்கடம் தரும் வரி வரைவிலேயே காணாமல் போய்விடும். கூர்மையான கோரிக்கையைத் தனியாகவோ நாலைந்து பேரோடு சேர்ந்தோ சொல்வதே நல்லது.

## தொண்டு நிறுவனம் அரசியல் பேசச் சட்டம் அனுமதிக்கிறதா?

கொள்கை பேசலாம், கட்சி பேசக் கூடாது. பல நாடுகளின் சட்டம் இந்தக் கோட்டைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் போடுகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், நிறுவனத்தின் தொண்டு நோக்கத்துக்கு உதவும் வரை பரப்புரை செய்யலாம் என்று தொண்டு ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்க முடியாது. அமெரிக்காவில் வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரும் தொண்டு நிறுவனங்களுக்குத் தேர்தல் பிரசாரத்தில் இறங்க 1954 முதல் தடை இருக்கிறது. சட்ட வரைவுகளுக்காக லாபி செய்யலாம், ஆனால் அது நிறுவனத்தின் செயல்பாட்டில் கணிசமான பகுதியாக ஆகிவிடக் கூடாது. கணிசம் என்றால் எவ்வளவு என்ற குழப்பத்தைத் தவிர்க்க விரும்புவோர் 501(எச்) என்ற ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். அதன்படி செலவுக்கு ஓர் அளவு உண்டு, உச்சவரம்பு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர். கனடாவில் அரசியல் பேச்சுக்கு நிறுவனத்தின் வளத்தில் 10 சதவீதம் என்று ஒரு வரம்பு நெடுநாள் இருந்தது. 2012 முதல் வரித்துறை அதை வைத்துத் தணிக்கைகள் நடத்தியது. வறுமை ஒழிப்புக்காகப் பேசும் ஓர் அமைப்பு நீதிமன்றம் போய் 2018-ல் வென்றது. அதே ஆண்டு நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தியது.

இவற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது ஆஸ்திரேலிய வழக்கு. எய்ட்/வாட்ச் என்ற சிறிய அமைப்பு நேரடியாக உதவி எதுவும் வழங்கவில்லை. ஆஸ்திரேலிய அரசின் வெளிநாட்டு உதவி உண்மையிலேயே ஏழைகளுக்குப் பயன்படுகிறதா என்று கேள்வி கேட்பதுதான் அதன் வேலை. இது அரசியல், தொண்டு இல்லை என்று சொல்லி வரித்துறை அதன் அங்கீகாரத்தை 2006-ல் ரத்து செய்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த நாட்டில் அதுதான் உச்ச அமைப்பு. 2010 டிசம்பரில் ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் எய்ட்/வாட்சுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். வறுமையைப் போக்கும் வழிகளைப் பற்றிப் பொது விவாதத்தைத் தூண்டுவதே மக்களுக்குப் பயன்படும் ஒரு தொண்டு நோக்கம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மற்ற நாடுகளும் இந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

## அரசிடமே பணம் வாங்கிக்கொண்டு அரசை எப்படி விமர்சிப்பது?

கஷ்டம்தான், மறைக்க ஒன்றும் இல்லை. பெரிய நிறுவனங்கள் பலவற்றின் வருமானத்தில் அரசு மானியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மானியம் புதுப்பிக்கும் மாதத்தில் அறிக்கையின் தொனி தானாகவே இறங்கிவிடும். யாரும் மிரட்ட வேண்டியதில்லை.

சில நேரம் அடி நேராகவே விழும். கனடாவில் கைரோஸ் என்ற திருச்சபைக் கூட்டமைப்புக்கு மேலும் சுமார் 70 லட்சம் டாலர் தரலாம் என்று 2009-ல் அதிகாரிகள் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தக் கோப்பில் பின்னர் கையால் 'இல்லை' என்று சேர்க்கப்பட்டது. பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த நிதி நின்றுபோனது. தன் உத்தரவின்படிதான் அது சேர்க்கப்பட்டது என்று துறை அமைச்சர் பெவ் ஓடா 2011-ல் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கனடாவின் தொண்டு நிறுவனங்கள் அதற்குப் பிறகு எவ்வளவு யோசித்து யோசித்துப் பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிரிட்டனில் 2016-ல், மானியப் பணத்தை அரசிடம் பரப்புரை செய்யப் பயன்படுத்தக் கூடாது என்று எல்லா மானிய ஒப்பந்தங்களிலும் ஒரு வாசகம் சேர்க்க அரசு முயன்றது. கடும் எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது, ஆண்டு முடிவதற்குள் வேறு விதிகளைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா நேர் எதிர்த் திசையில் போனது. மத்திய அரசின் ஒப்பந்தங்களில் வாய்ப்பூட்டு வாசகங்கள் செல்லாது என்று 2013-ல் தனிச் சட்டமே போட்டது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இதைத் தன் வழியில் தீர்த்துக்கொண்டது. 2016 மார்ச்சில் அகதிகள் விஷயமாக ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டது. அதை எதிர்த்து, ஒன்றியத்திடமும் அதன் உறுப்பு நாடுகளிடமும் இனி பணம் வாங்குவதில்லை என்று ஜூனில் அந்த அமைப்பு அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கிருந்து அதற்கு வந்தது சுமார் 5.6 கோடி யூரோ. வருமானத்தில் மிகப் பெரும்பகுதி தனிநபர் நன்கொடையாக வருவதால் அதால் அப்படிச் சொல்ல முடிந்தது. எல்லோராலும் முடியாது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவும் 'எந்தக் கொள்கை வந்தால் நாம் பணத்தைத் திருப்பிக் கொடுப்போம்?' என்ற கேள்விக்கு நெருக்கடி வருவதற்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

## சுற்றி வளைத்துத் தங்கள் வருமானத்துக்காகத்தானே பேசுகிறார்கள்?

இந்தச் சந்தேகம் நியாயமானது. உதவி பட்ஜெட் கூடினால் அதில் ஒரு பகுதி தொண்டு நிறுவனங்களுக்கே வந்துசேரும். ஆகவே 'பட்ஜெட்டைக் கூட்டுங்கள்' என்று அவர்கள் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முழுதாக நம்பத் தேவையில்லை. தனக்கு நஷ்டம் தரும் கொள்கையை ஒரு நிறுவனம் கேட்கிறதா என்று பாருங்கள். என்னைப் பொறுத்தவரை உண்மையான சோதனை அதுதான்.

அமெரிக்காவின் உணவு உதவி இதற்கு நல்ல பாடம். 1954-ல் தொடங்கிய திட்டம் அது. அமெரிக்க வயலில் விளைந்த தானியம், அதில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போக வேண்டும் என்பது விதி. இதோடு பணமாக்கல் என்று ஒரு வழக்கமும் சேர்ந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு அரசு தானியமாகத் தரும். அவை அதை ஏழை நாட்டின் சந்தையில் விற்று, வந்த காசில் தங்கள் திட்டங்களை நடத்தும். விவசாயிகளுக்கு விற்பனை, கப்பல் நிறுவனங்களுக்குச் சரக்கு, தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் என்று மூவருக்கும் லாபம். நஷ்டம் உள்ளூர் விவசாயிக்கு. அவர் விளைவித்த தானியத்தோடு கடல் கடந்து வந்த தானியம் போட்டிபோட்டது. பணமாகப் பார்த்தாலும் இது வீண். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2011-ல் ஒரு கணக்குக் காட்டியது. மூன்று ஆண்டுகளில் இப்படி வாங்கி அனுப்ப ஆன செலவுக்கும் விற்று வந்த பணத்துக்கும் இடையே துண்டு விழுந்தது 21.9 கோடி டாலர்.

கேர் என்ற பெரிய தொண்டு நிறுவனம் இந்த ஏற்பாட்டால் பெரிதும் பயனடைந்தவற்றுள் ஒன்று. 2007-ல் அது வெளிப்படையாகவே விலகியது. ஆண்டுக்கு சுமார் 4.5 கோடி டாலரை விட்டுக்கொடுத்து, 2009-க்குள் பணமாக்கலைப் படிப்படியாக நிறுத்துவதாகச் சொன்னது. வேறு சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, பழைய முறை தொடர வேண்டும் என்றே காங்கிரசிடம் வாதாடின. உணவை உள்ளூரிலேயே வாங்க ஒரு பகுதி நிதியைத் தாருங்கள் என்று 2005 முதல் புஷ் அரசு கேட்டது, கிடைக்கவில்லை. 2013-ல் ஒபாமா அரசின் பெரிய சீர்திருத்த யோசனையும் நிறைவேறவில்லை. கடைசியில் 2014-ன் பண்ணைச் சட்டம், நேரடிப் பணமாகத் தரும் பங்கைக் கூட்டி, பணமாக்கலின் தேவையைக் குறைத்தது.

முழு வெற்றி இல்லை. ஆனால் வருமானத்தை இழக்கத் தயாரான ஓர் அமைப்பு அந்த விவாதத்தில் பேசியபோது, 'உங்களுக்கு இதில் என்ன லாபம்?' என்று யாராலும் அதைக் கேட்க முடியவில்லை.

## பேசிப் பயனில்லை என்றால் நீதிமன்றம் போகலாமா?

போயிருக்கிறார்கள். மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டிஷ் அரசு 23.4 கோடி பவுண்டு உதவி தர முடிவுசெய்தது. பொருளாதார ரீதியில் இது மோசமான திட்டம் என்று உதவித் துறையின் தலைமை அதிகாரி டிம் லாங்கெஸ்டரே எழுத்தில் ஆட்சேபித்தார். ஆயுத விற்பனையோடு அந்த உதவிக்கு இருந்த தொடர்பும் வெளிவந்தது. உலக வளர்ச்சி இயக்கம் என்ற பரப்புரை அமைப்பு வழக்குப் போட்டது. வளர்ச்சிக்கான சட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட திட்டத்துக்குப் பணம் தர அமைச்சருக்கு அதிகாரமில்லை என்று 1994 நவம்பரில் தீர்ப்பு வந்தது. நேரடியாகப் பாதிக்கப்படாத ஓர் அமைப்பும் பொதுநலனுக்காக வழக்குத் தொடுக்கலாம் என்பதையும் அது உறுதிப்படுத்தியது. முன்னே சொன்ன 2002 சட்டத்தின் பின்னணியில் இந்த வழக்கின் நிழல் உண்டு.

ஆனால் வழக்குக்குப் பணமும் காலமும் வேண்டும், சட்டத்தில் பிடிமானமும் வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை முடக்கியபோது சில அமைப்புகள் உடனே வழக்குப் போட்டன. முடித்த வேலைக்கான சுமார் 200 கோடி டாலர் பாக்கியைக் கொடுக்கச் சொன்ன கீழமை நீதிமன்ற உத்தரவை நீக்க, மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் மறுத்தது. பாக்கிப் பணம் விஷயத்தில் வென்றார்கள். அமைப்பைக் காப்பாற்ற முடியவில்லை. 1961-ல் உருவான, அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1 அன்று தன் பணியை முடித்துக்கொண்டது.

## சட்டமாக்கிவிட்டால் உதவி பாதுகாப்பாக இருக்குமா?

பிரிட்டனின் அனுபவத்தைப் பாருங்கள். பல ஆண்டுப் பரப்புரைக்குப் பிறகு 2013-ல் அந்த நாடு 0.7-ஐத் தொட்டது. 2015-ல் மைக்கேல் மூர் என்ற எம்.பி.யின் தனிநபர் மசோதா மூலம் அது சட்டமானது. தொண்டு நிறுவனங்கள் கொண்டாடின. ஆனால் இலக்கை எட்டாவிட்டால் அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்க அறிக்கை வைத்தால் போதும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. யாரும் நீதிமன்றம் போய் எதையும் ரத்து செய்ய முடியாதபடி வாசகம் அமைந்திருந்தது.

2020-ல் தனி உதவி அமைச்சகம் வெளியுறவு அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இலக்கு 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. 2021 ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் முன்னாள் பிரதமர் தெரசா மே உட்படச் சொந்தக் கட்சியினரே சிலர் எதிர்த்தும் 333-க்கு 298 என்று அரசு வென்றது. 2025 பிப்ரவரியில், பாதுகாப்புச் செலவைக் கூட்டுவதற்காக, 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக, அடுத்து ஆட்சிக்கு வந்த கட்சியின் அரசு அறிவித்தது. வளர்ச்சித் துறை அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் பதவி விலகினார். சட்டம் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது.

வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் எம்.பி.க்களின் மனதை வென்ற அளவுக்கு ஊர் ஊராகப் பொதுமக்களின் மனதை அந்த இயக்கம் வெல்லவில்லை என்பது என் கணிப்பு. உதவிக்கு ஆபத்து வந்தபோது வெட்டியவர்களுக்குத் தேர்தலில் பயம் வரவில்லை.

## பெரிய ஊர்வலங்களால் பலன் உண்டா?

கேட்பது தெளிவாக இருந்தால் உண்டு. 1998 மே மாதம் பர்மிங்காமில் ஜி8 தலைவர்கள் கூடியபோது, ஜூபிலி 2000 இயக்கத்தின் அழைப்பில் சுமார் 70,000 பேர் நகர மையத்தில் கைகோத்து நின்றார்கள். ஏழை நாடுகளின் கட்ட முடியாத கடனை ரத்து செய்யுங்கள் என்ற ஒரே கோரிக்கை. அடுத்த ஆண்டு கொலோன் மாநாட்டில் கடன் நிவாரணத் திட்டம் விரிவாக்கப்பட்டது, 2005-ல் இன்னொரு திட்டமும் சேர்ந்தது. இந்த இரண்டு திட்டங்களாலும் 37 நாடுகளுக்கு நீங்கிய கடன் 10,000 கோடி டாலருக்கு மேல். தெருவில் நின்றவர்களோடு, நிதியமைச்சகங்களில் கடன் அட்டவணையைப் புரட்டிப் பேசிய பொருளியலாளர்களும் அந்த இயக்கத்தில் இருந்தார்கள். இரண்டு பக்கமும் இருந்ததால்தான் அது நடந்தது.

2005-ல் எடின்பரோவில் வறுமையை ஒழிக்கக் கோரி இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் நடந்தார்கள். கூட்டம் அதைவிடப் பெரியது. அதே ஆண்டு கிளெனீகிள்ஸில் நடந்த ஜி8 மாநாட்டில் உதவியைக் கூட்டுவதாக வந்த வாக்குறுதி முழுதாக நிறைவேறவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஆண்டுதோறும் கணக்குக் கேட்க ஆள் வேண்டும்.

## எண் கூடினால் உதவி கூடியது என்று அர்த்தமா?

இல்லை. இதைக் கவனிப்பதும் தொண்டு நிறுவனங்களின் வேலைதான். அகதிகளுக்குத் தன் நாட்டிலேயே முதல் 12 மாதம் செய்யும் செலவை ஓர் அரசு வளர்ச்சி உதவியாகக் கணக்குக் காட்டலாம் என்று ஓ.இ.சி.டி. விதி அனுமதிக்கிறது. 2023-ல் பிரிட்டன் இப்படிச் செலவிட்டது சுமார் 430 கோடி பவுண்டு. மொத்த உதவியில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அந்த நாட்டைத் தாண்டவே இல்லை. அகதிகளுக்கு உதவ வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. அந்தப் பணத்தை வேறு பையிலிருந்து எடுங்கள் என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பாவில் கான்கார்ட் வெளியிடும் எய்ட்வாட்ச் அறிக்கை (முன்பு பார்த்த ஆஸ்திரேலிய அமைப்பு வேறு) இப்படி ஊதிய கணக்கை ஆண்டுதோறும் பிரித்துக் காட்டுகிறது.

## உதவி பெறும் மக்களின் குரல் இதில் எங்கே?

போதுமான அளவு இல்லை. தலைநகரத்தில் இருக்கும் சர்வதேச நிறுவனம் அங்கே இருக்கும் அமைச்சரோடு பேசுகிறது. முடிவு யாருடைய ஊரைப் பாதிக்கிறதோ அவர் அந்த அறையில் இருப்பதில்லை. 2016 மே மாதம் இஸ்தான்புல் மாநாட்டில் பெரிய நன்கொடை நாடுகளும் நிறுவனங்களும் சேர்ந்து, மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை 2020-க்குள் உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டன. கெடு தாண்டிப் பல ஆண்டுகளாகியும் நேரடியாகப் போகும் பங்கு ஒற்றை இலக்கத்திலேயே நிற்கிறது. இந்த வாக்குறுதியை நிறைவேற்றாததில் அரசுகளைப் போலவே பெரிய தொண்டு நிறுவனங்களுக்கும் பங்கு இருக்கிறது. இடையில் நிற்பவர் அவர்கள்தானே.

கனடாவின் 2008 சட்டத்தில் ஒரு நல்ல கூறு இருக்கிறது. உதவி என்று கணக்கில் வர வேண்டுமானால் அது வறுமையைக் குறைக்க வேண்டும், மனித உரிமைத் தரங்களுக்கு ஒத்துப்போக வேண்டும், ஏழைகளின் பார்வையையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்குச் சாட்சியம் அனுப்பும் எந்த நிறுவனமும், உள்ளூர்க் கூட்டாளிகளின் பெயரிலேயே, அவர்கள் எழுதியதை அப்படியே அனுப்பலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

## இத்தனை வெட்டுகளுக்குப் பிறகும் பேசிப் பிரயோசனம் இருக்கிறதா?

இருக்கிறது. 2025 ஜூனில் அமெரிக்க அரசு சுமார் 940 கோடி டாலரைத் திரும்பப் பெறும் மசோதா கொண்டுவந்தது. பெரும்பகுதி வெளிநாட்டு உதவிதான். எய்ட்ஸ் ஒழிப்புக்கான பெப்ஃபர் திட்டத்திலிருந்து 40 கோடி டாலரை எடுப்பதும் அதில் இருந்தது. செனட்டில் ஆளுங்கட்சியினரே மறுத்ததால் அந்த வெட்டு மட்டும் நீக்கப்பட்டது. 2003-ல் ஜார்ஜ் புஷ் தொடங்கிய பெப்ஃபருக்கு இருபது ஆண்டுகளாக மதக் குழுக்களும் மருத்துவர்களும் நோயாளிகளின் அமைப்புகளும் இரண்டு கட்சிகளிலும் ஆதரவாளர்களை வளர்த்துவைத்திருந்தார்கள். மற்ற திட்டங்களுக்கு அந்த வேர் இல்லை.

## நன்கொடை தருபவனாக நான் என்ன கேட்க வேண்டும்?

நீங்கள் பணம் தரும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, வருமானத்தில் அரசு மானியம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அரசின் எந்த முடிவைப் பெயர் சொல்லி எதிர்த்தீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். நாடாளுமன்றக் குழுக்களுக்கு அனுப்பிய சாட்சியம் பெரும்பாலும் பொதுவெளியில்தான் இருக்கும், இணைப்பை அனுப்பச் சொல்லுங்கள். உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாகக் கைமாற்றிய பங்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். அப்புறம் உங்கள் பிரதிநிதிக்கு உதவி பட்ஜெட் பற்றிச் சொந்த வார்த்தையில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அச்சடித்த மனுவில் போடும் கையெழுத்தைவிட அந்தக் கடிதத்தை அவர்களின் அலுவலகம் கூடுதலாக மதிக்கும். பதில் வரவில்லை என்றால் இன்னொரு கடிதம் போடுங்கள்.